வண்டிப் பையில் சிவப்பு நூல்

2024 செப்டம்பர் 27, வெள்ளி

சென்னை மணலியில் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போதே பைக்கின் கிளட்ச் கனமாக இருந்தது. இரண்டு நாளாகவே அப்படித்தான். உள்ளே கேபிள் இழை இழையாக அறுகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி. தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். சாத்தாங்காடு தாண்டும்போது முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் கன்டெய்னர் லாரி. லீவரைப் பிடித்தேன், பிடிப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வண்டி கியரிலேயே ஒரு குதி குதித்து நின்றது.

கிளட்ச் இல்லாமலும் ஓட்டலாம். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, காலால் உந்தி உருளவிட்டு, முதல் கியரைத் தட்டினால் ஓர் உலுக்கலோடு பிடித்துக்கொள்ளும். அடுத்த கியருக்கு ஆக்சிலேட்டரை ஒரு நொடி விட்டுத் தட்டினால் போதும். காலி ரோட்டில் சரி. லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போகிற ரோட்டில் அது உயிரோடு விளையாடுவது. ஓரமாகவே திருவொற்றியூர் தேரடி வரை தள்ளி வந்தேன்.

அங்கே ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் ஷட்டரை இழுக்கப் போனார்கள். ஒயர் சேர்க்கிற பிளாஸ்டிக் கனெக்டர் ஒன்று வாங்கி, உள்ளே இருக்கும் பித்தளைக் குழாயை மட்டும் உருவி எடுத்தேன். அதில் இரண்டு குட்டி ஸ்க்ரூ இருக்கும். எனக்குப் போனது கேபிள் நுனியில் லீவரோடு மாட்டியிருக்கும் குண்டு மட்டும்தான். இன்ஜின் பக்கம் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தியதும் விரற்கடை அளவு கேபிள் கூடுதலாகக் கிடைத்தது. பிரிந்து நின்ற இழைகளை முறுக்கிப் பித்தளைக்குள் நுழைத்து, இரண்டு ஸ்க்ரூவையும் இறுக்கி, வெளியே வந்த நுனியை மடித்துவிட்டேன். லீவர் பொந்தில் அந்தப் பித்தளை லொடலொடவென்று ஆடியது. பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றினேன், உட்கார்ந்துவிட்டது.

பிறகு பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்து லீவரில் ஒரு முடிச்சு போட்டேன். அவசரத்துக்குச் செய்த எந்த வேலைக்கும் அந்த நூல் கட்டாமல் நான் வண்டியை எடுப்பதில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

கொருக்குப்பேட்டை மெக்கானிக் அண்ணனிடம் புது கேபிள் போட்டாயிற்று. லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிடும். கூடவே இன்னொரு கேபிளையும் அதே வழியில் ஓட்டி, இரண்டு முனையிலும் டேப் சுற்றி வைக்கச் சொன்னேன். அடுத்த முறை அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டினால் போதும். டேங்கைக் கழற்ற வேண்டாம், இருட்டில் தடவ வேண்டாம்.

நூல் எதற்கு என்று அண்ணன் கேட்டார். சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன் ஓர் இரவு ஃபியூஸ் போய்விட்டது. சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கும் வெள்ளித் தாளைச் சுற்றி வைத்தேன், லைட் எரிந்தது, வீட்டுக்கு வந்தேன், மறந்துபோனேன். ஏதாவது கோளாறு என்றால் முதலில் உருகி மற்றதைக் காப்பாற்றத்தான் ஃபியூஸில் அந்த மெல்லிய கம்பி. அந்த இடத்தில் வெள்ளித் தாள் இருந்தால் வண்டியின் ஒயரிங்தான் உருகும். பதினோராம் நாள் சீட்டுக்கு அடியில் புகை வந்தது. மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அக்டோபர் 4, வெள்ளி

பின் சக்கரம் பஞ்சர். கட்டுக்கம்பித் துண்டு. பஞ்சர் கடைப் பெரியவர் டியூபை ஒட்டிய பிறகு டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்று தடவிப் பார்த்தார். இன்னொரு துண்டு கிடைத்தது. அதைப் பார்க்காமல் மாட்டியிருந்தால் அடுத்த தெருவிலேயே மறுபடி இறங்கியிருக்கும். காற்று இல்லாமல் ஓட்டாதே தம்பி, வால்வு அடியில் கிழிந்தால் ஒட்டவே முடியாது என்றார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பையில் இருப்பதை எல்லாம் பலகையில் பரப்பினேன். பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், உப்புத்தாள், பழைய டியூபை வளையம் வளையமாக வெட்டியது, பித்தளை கனெக்டர் இரண்டு, செயின் லாக் (செயினின் இரண்டு முனையையும் சேர்க்கிற கிளிப்) ஒன்று, ஃபியூஸ் இரண்டு, நூல்கண்டு, துணி சோப்புத் துண்டு. மகள் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவள் சோப்பில் நின்றுவிட்டாள். “இது எதுக்குப்பா?”

டேங்கில் பொடி ஓட்டை விழுந்து பெட்ரோல் கசிந்தால் சோப்பை அழுத்தித் தேய்க்க வேண்டும். பெட்ரோலில் சோப்பு கரையாது, ஓட்டையை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பட்டால் போய்விடும், அதனால் மழையில் நம்பக்கூடாது. அவள் யோசித்துவிட்டு சோப்புக்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து கொட்டுகிறது. மழை என்றால் கணேசபுரம் சுரங்கப்பாதை பக்கமே போகக்கூடாது, சுற்றித்தான் போனேன். கொருக்குப்பேட்டைத் தெருக்களிலும் முழங்கால் தண்ணீர். டீக்கடை வாசலில் ஒரு பையன் நின்றுபோன வண்டியோடு நின்றிருந்தான், கட்டைவிரல் செல்ஃப் பட்டனில். “தம்பி, கையை எடு!” என்று கத்தியேவிட்டேன்.

சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த நேரத்தில் இன்ஜினைச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் ஆயில் பார்த்தோம்: தண்ணீர் கலந்து பால் டீ நிறத்துக்கு மாறியிருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். நல்லவேளை, தெளிவாக இருந்தது. சாவியை எடுக்கச் சொல்லி, பிளக்கைக் கழற்றினேன். அவன் வண்டிக்குக் கிக்கர் கிடையாது. டாப் கியரில் போட்டு இரண்டு பேருமாக முன்னும் பின்னும் உருட்டினோம். பிளக் துளையிலிருந்து புஸ்ஸென்று தண்ணீர் பீறியது, என் சட்டையெல்லாம். உருட்ட உருட்ட வெறும் காற்றானது. ஏர் ஃபில்டரைப் பிழிந்து உதறினோம். பிளக்கைப் பிளேயரில் பிடித்துக் கடைக்காரர் அடுப்பில் காட்டித் தந்தார்.

மூன்றாவது முயற்சியில் பிடித்தது. “அண்ணா!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆயிலை இன்றைக்கே மாற்று, ஏர் ஃபில்டரையும் மாற்று என்று சொல்லி, ஹேண்டில்பாரில் சிவப்பு நூல் கட்டி அனுப்பினேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

காசிமேட்டில் கூட்டம். மீன் பெட்டி கட்டிய வண்டியில் ஒருவர் செயின் லாக் போன இடத்தைக் கட்டுக்கம்பியால் பின்னிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அது அறுந்து பின் சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். செயினிலும் பிரேக்கிலும் கம்பி வேலையே கூடாது, ஒரு தெருத் தூரத்துக்குக்கூட. “வேணாம் நைனா” என்று கம்பியை வெட்டிவிட்டு என் பையில் இருந்த லாக்கைக் கொடுத்தேன். இரண்டு வண்டிக்கும் ஒரே 428 அளவுச் செயின். லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். காசுக்குப் பதில் இரண்டு கை சங்கரா அள்ளிப் போட்டார்.

அக்டோபர் 27, ஞாயிறு

செயின் லாக் இரண்டு வாங்கிப் பையில் போட்டேன். வரும் வழியில் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் அறுந்துவிட்டது. ஸ்டாண்டு தொங்கிக்கொண்டிருந்தால் திருப்பத்தில் தரையில் இடித்து ஆளையே தூக்கிப் போடும். டியூப் வளையம் இரண்டு போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறேன். ஸ்பிரிங் விற்கிற கடை இன்று மூடல். நூல் கட்டியாயிற்று. நாளைக்கு ஷிஃப்டுக்கு முன் வாங்கிவிட வேண்டும்.