49 மீட்டர் பாற்கடல்

அடுத்த மாதம் கம்போடியா போகிறேன், ஐந்து நாள் பயணம். விமான டிக்கெட் எடுத்த அன்றே அம்மாவிடம் சொன்னேன். மூட்டு வலியால் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வருவதே அவருக்கு இப்போது பெரும்பாடு. "அங்கோர் வாட்டில் பாற்கடல் கடைகிற சிற்பம் இருக்கிறதே, அதை எனக்கு முழுவதும் காட்டுவாயா?" என்று கேட்டார். இதுவரை அவர் படங்களில் பார்த்ததெல்லாம் நடுவில் திருமால் நிற்கும் ஒரு துண்டுதான்.

எந்த கேமரா, எந்த லென்ஸ் என்று அதுவரை போட்டுவைத்திருந்த கணக்கையெல்லாம் அந்தக் கேள்வி கலைத்துவிட்டது.

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அந்தக் கோயிலில், கிழக்குச் சுற்றுமண்டபத்தின் தென்பாதிச் சுவர் முழுவதும் இந்த ஒரே காட்சிதான். நீளம் சுமார் 49 மீட்டர். இடப்பக்கம் 92 அசுரர்கள், வலப்பக்கம் 88 தேவர்கள் வாசுகியைப் பிடித்து இழுக்கிறார்கள். நடுவில் மத்து, அதைத் தாங்கும் ஆமை. மண்டபமோ அகலம் குறைந்தது. பின்னால் தள்ளி நின்று மொத்தத்தையும் ஒரு படத்துக்குள் அடக்க வழியில்லை. பனோரமா எடுத்தால் நடுப்பகுதி பெருத்து ஓரங்கள் சிறுத்துவிடும். நடந்துகொண்டே வீடியோ எடுப்பதுதான் சரி என்று முடிவு செய்தேன்.

மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்தேன். பத்து மீட்டர் சுவரை ஐந்து முறை நடந்தால் ஏறக்குறைய அந்த நீளம் வந்துவிடும். வழக்கமான நடையில் எடுத்ததைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தால், பாயைச் சுருட்டுவதுபோல் சுவர் ஓடிப்போனது. பிறகு ஒரு பாதத்தின் நுனியில் அடுத்த பாதத்தின் குதிகாலை ஒட்டிவைத்து, நொடிக்கு ஓர் அடியாக நடந்தேன். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், முழங்கால் சற்று வளைந்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட 200 காலடி. மூன்று நிமிடம் இருபது நொடி. இப்போது ஒவ்வொரு செங்கல்லின் காரையும் தெரிந்தது. அந்த வேகத்தில் போனால் ஒவ்வோர் அசுரனின் முகத்தையும் அம்மா பார்த்துவிடலாம். என் போனில் 4கே வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி பிடிக்கிறது. நான்கு தடவை எடுத்தாலும் இரண்டரை ஜிபி தாண்டாது.

வெளிச்சம் வேறு விஷயம். மண்டபம் கிழக்கு பார்த்தது. காலையில் வெயில் தூண்களுக்கு நடுவே புகுந்து சுவரில் பட்டை பட்டையாக விழும். சாய்வான அந்த ஒளியில் புடைப்புச் சிற்பம் நன்றாக எழும்பி நிற்கும் என்பதால் புகைப்படங்கள் காலையில். ஆனால் நடந்து எடுக்கும் வீடியோவில் பளிச், இருட்டு, பளிச் என்று கண்ணை உறுத்தும். ஆகவே அது பிற்பகலில், நிழல் ஒரே சீராக இருக்கும்போது. திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவை நிலையாக்கிவிட்டுத்தான் நடக்கத் தொடங்க வேண்டும். மூன்று நாள் நுழைவுச் சீட்டு 62 டாலர். பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் பயன்படுத்தலாம். வானம் மூடியிருந்தால் மறுநாள் போகலாம் என்ற தைரியத்துக்காகவே அதை எடுக்கிறேன்.

சூரிய உதயத்தை நான் எடுக்கப்போவதில்லை. மேற்கு வாசலுக்குள் இருக்கும் குளக்கரையில் விடிகாலை ஐந்து மணியிலிருந்தே கூட்டம் நிற்கும். அதே படம் ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. ட்ரோனும் இல்லை, அதற்கு முன்அனுமதி வேண்டும். பிக்குகளைப் படம் எடுப்பதற்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டும், சிற்பங்களைத் தொடக் கூடாது. சிறிய லென்ஸ் ஒன்று மட்டும் கூடுதலாக வருகிறது, அங்கோர் பகுதியிலேயே இருக்கும் பந்தியாய் ஸ்ரே கோயிலின் இளஞ்சிவப்புக் கல்லில் இருக்கும் நுணுக்க வேலைக்காக.

போன முறை மலேசியாவில் நான்கு நாள் படங்களையும் ஒரே மெமரி கார்டில் வைத்திருந்தேன். பத்துமலையின் 272 படிகளில் அத்தை ஏறியது, உச்சியில் மூச்சு வாங்கச் சிரித்தது எல்லாம் அதில் இருந்தன. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் கார்டு திறக்கவே இல்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு. இந்த முறை நாளுக்கு ஒரு கார்டு. இரவில் சாப்பிடப் போவதற்கு முன்பே சிறு ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி; கார்டு ஒரு பையில், டிஸ்க் இன்னொரு பையில். கம்போடியா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். போன் தானாக மாறிக்கொள்ளும், கேமரா மாறாது. இறங்கியதும் அதன் கடிகாரத்தைத் திருத்தாவிட்டால் இரண்டின் படங்களும் வரிசை குழம்பிவிடும்.

மொட்டைமாடி வீடியோவை நேற்று அம்மாவிடம் காட்டினேன். செங்கல் சுவரைப் பொறுமையாக முழுவதும் பார்த்தார். "வேகம் போதும். ஆனால் பேசாமல் நடக்காதே, யார் யார் என்று சொல்லிக்கொண்டே போ" என்றார். அடிப்பகுதிக் கடலில், மத்துக்குப் பக்கத்தில் சுழலும் மீன்களும் முதலைகளும் துண்டுபட்டுக் கிடப்பதைச் செதுக்கியிருக்கிறார்கள் என்று சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. "அமுதம் கடைந்த கதையை எத்தனை தடவை உனக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த மீன்களைப் பற்றி யாருமே எனக்குச் சொல்லவில்லையே" என்றார்.

குறிப்பேட்டில் முதல் வரிக்கு மேலே எழுதிச் சேர்த்தேன்: மீன்கள், மத்தின் அருகே, உட்கார்ந்து, நிதானமாக.