டென்ட்டுக்கு ஹீட்டர் வாங்கப் போறீங்களா, ஒரு நிமிஷம் இருங்க

செப்டம்பர் பாதி தாண்டிட்டா போதும், எங்க வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டே கேள்விதான் ஓடும். ஒண்ணு, அல்கான்குவின் பார்க்ல இலையெல்லாம் எப்ப முழுசா செவக்கும். இன்னொண்ணு, டென்ட்டுக்குள்ள வைக்க எந்த ஹீட்டர் வாங்கலாம். மொத கேள்விக்கு மாகாண பார்க்குகள நடத்துற ஒன்டாரியோ பார்க்ஸ்காரங்களே ரிப்போர்ட் போடுறாங்க, பாத்துக்கலாம். ரெண்டாவதுக்கு ஆளாளுக்கு ஒரு அமேசான் லிங்க்க தட்டி விட்டுட்டு போயிடுறாங்க, வாங்குறவன் அத வெளிய வச்சு கை காய வைக்கப் போறானா இல்ல உள்ள வச்சுட்டு குழந்தைங்களோட தூங்கப் போறானான்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. டொரண்டோ சுத்து வட்டாரத்துல இருந்து கார்ல போய் டென்ட் போடுற குடும்பங்களுக்காகத்தான் இத எழுதுறேன், முதுகுல மூட்டையோட கனூ தள்ளிக்கிட்டு உள்காட்டுக்குப் போற ஆளுங்க படிச்சா சிரிப்பாங்க, பரவால்ல.

ஹீட்டர பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி சைட்ட, அதாவது டென்ட் போடற எடத்த பத்தி யோசிங்க. கரண்ட் இருக்கற சைட்டா இல்லாத சைட்டா, இதுலயே பாதி முடிவு ஆயிடும். அல்கான்குவின்ல ம்யூ லேக் கேம்ப்கிரவுண்ட் வருஷம் பூரா தெறந்திருக்கும், அங்க எலக்ட்ரிக் சைட் உண்டு. வாடகை கொஞ்சம் கூடத்தான், ஆனா அந்த கூடுதல் காச குடுத்துட்டா இந்த கேஸு, புகை, விஷவாயு தலைவலி எதுவும் கிடையாது. சாதாரண 1500 வாட்ஸ் செராமிக் ஃபேன் ஹீட்டர் போதும், கீழ விழுந்தா தானா ஆஃப் ஆகற மாடலா பாத்து வாங்குங்க. 120 வோல்ட்ல அது 12.5 ஆம்ப் இழுக்கும், அதனால 15 ஆம்ப் பிளக்ல அத போட்டுட்டு அதே லைன்ல கெட்டிலையும் போட்டா பிரேக்கர் விழுந்துடும், நடுராத்திரி இருட்டுல அத தேடிட்டு அலையணும். எக்ஸ்டென்ஷன் வயர் விஷயத்துல கஞ்சத்தனம் வேணாம். கிறிஸ்மஸ் லைட்டுக்கு வாங்கின ஒல்லி வயர்ல ராத்திரி பூரா 12 ஆம்ப் ஓடினா வயரே சூடாயிடும், சுருட்டி வேற வச்சிருந்தா கேக்கவே வேணாம். 12 இல்லன்னா 14 கேஜ் தடிமன்ல, வெளிய போடறதுக்குன்னு விக்கிற வயரா வாங்கி முழுசா பிரிச்சுப் போடுங்க, பிளக்கு சேர்ற இடம் தண்ணி தேங்காத இடமா இருக்கட்டும். ஆயில் ஹீட்டரும் சிலர் தூக்கிட்டு வர்றாங்க, மேல் பாகம் அவ்ளோ கொதிக்காது, சத்தமும் இல்ல, ஆனா கனம், சூடாக நேரம் எடுக்கும். அது உங்க இஷ்டம்.

இப்ப கரண்ட் இல்லாத சைட்டுக்கு வருவோம், சண்ட எல்லாம் இங்கதான்.

முக்காவாசி பேர் வாங்கறது மிஸ்டர் ஹீட்டர் கம்பெனியோட பட்டி மாடல். சின்னது லிட்டில் பட்டி, மணிக்கு 3,800 பிடியு (பிடியுங்கறது சூட்ட அளக்கற கணக்கு), நடுவுல இருக்கறது போர்ட்டபிள் பட்டி, அதுல 4,000, 9,000ன்னு ரெண்டு செட்டிங், பெருசு 18,000 வரைக்கும் போகும். நாலு பேர் படுக்கிற டென்ட்டுக்கு 4,000 தாராளம். கணக்கு சிம்பிள், ஒரு பவுண்டு புரொப்பேன் எரிஞ்சா சுமார் 21,600 பிடியு சூடு, அப்ப இதுல மாட்டற ஒரு பவுண்டு பச்ச கலர் குட்டி சிலிண்டர் 4,000ல அஞ்சு மணி நேரத்துக்கு மேல வரும், 9,000ல ரெண்டரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். அதாவது ஒரு ராத்திரிக்கு ஒரு சிலிண்டர் பத்தாது. இத கேட்டதும் அடுத்து எல்லாரும் சொல்றது, பார்பிக்யூவோட 20 பவுண்டு டேங்க்க வெளிய வச்சு ஹோஸ் போட்டு உள்ள இழுத்துடலாமே. இழுக்கலாம்தான், அதுக்குன்னு ஹோஸ் விக்கிறாங்க, சில ஹோஸ்ல இருந்து ஒரு எண்ணெய் மாதிரி கசிஞ்சு ஹீட்டர அடைச்சிரும், அதுக்கு ஒரு ஃபில்டரும் சேத்து வாங்கணும். ஆனா நான் கேக்கறது வேற. ராத்திரி பூரா ஓடறதுக்கு ஏன் இவ்ளோ ஏற்பாடு, தூங்கும்போது அது ஓடவே கூடாதுங்கறேன் நான்.

"அதுலதான் சென்சார் இருக்கே"ன்னு உடனே ஒரு பதில் வரும். இருக்கு, ஆனா அது என்ன சென்சார்னு பாருங்க. காத்துல ஆக்ஸிஜன் கொறஞ்சா அணைச்சு விடற சென்சார் அது. சாதாரணமா காத்துல 21 சதவீதம் ஆக்ஸிஜன், அது 18 பக்கம் எறங்கினா பைலட்டுங்கற குட்டித் தீ தன் எடத்த விட்டு மேல தூக்கிக்கும், அத உரசிட்டு இருக்கற தெர்மோகப்பிள்ங்கற சூடு உணர்ற கம்பி ஆறிடும், கேஸ் கட் ஆயிடும். அழகான ஐடியாதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயுவ அளக்கறது இல்ல. பர்னர்ல தூசி, பூச்சி கூடு, இல்ல ஏதோ ஒண்ணு அடைச்சு அரைகுறையா எரிஞ்சா, ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கும்போதே கார்பன் மோனாக்சைடு வரலாம், சென்சார் அது பாட்டுக்கு சும்மா இருக்கும். அதுக்குத்தான் பேட்டரில ஓடற தனி அலாரம் வேணும்ங்கறது. அந்த அலாரமும் காத்துல இந்த விஷவாயு 70 பிபிஎம் (பத்து லட்சத்துல 70 பங்கு) இருந்தா ஒரு மணி நேரத்துல இருந்து நாலு மணி நேரத்துக்குள்ள எப்பவாவது கத்தற மாதிரிதான் செட் பண்ணியிருப்பாங்க, 400 இருந்தா 4 நிமிஷத்துல இருந்து 15 நிமிஷத்துக்குள்ள. இன்னொரு விஷயம், வீட்டு அலாரம் எல்லாம் 4 டிகிரிக்கு மேலதான் ஒழுங்கா வேலை செய்யும்னு அட்டையிலயே போட்டிருக்கும், அக்டோபர் ராத்திரி டென்ட்டுக்குள்ள அதுக்கும் கீழ போகும். ஆர்வி, அதாவது படுக்கை வசதியோட வர்ற கேம்பிங் வண்டிக்குன்னு விக்கிறத வாங்கினா இன்னும் குளிர் தாங்கும்.

சரி, விஷவாயுவ விடுங்க, தண்ணிய யாருமே பேசறதில்ல. புரொப்பேன் எரிஞ்சா வர்றதுல பெரிய பங்கு நீராவி. பள்ளிக்கூட கெமிஸ்ட்ரிதான், 44 கிராம் புரொப்பேனுக்கு 72 கிராம் தண்ணி. அந்த 465 கிராம் சிலிண்டர் ஒண்ணு முழுசா எரிஞ்சா முக்கால் லிட்டர் தண்ணி டென்ட்டுக்குள்ளயே வந்து சேரும். நாலு பேர் மூச்சுக் காத்து வேற. அது போய் குளிர்ந்த நைலான் சுவத்துல ஒட்டி, விடிகாலைல இட்லி சட்டி மூடிய தெறந்த மாதிரி தலைல சொட்டும். ஸ்லீப்பிங் பேக் நனைஞ்சிடுச்சுன்னா, அதுவும் பறவை இறகு அடைச்ச டவுன் பேக்கா இருந்தா, அதோட கத முடிஞ்சுது. குளிருக்கு பயந்து ஜிப்ப எல்லாம் இறுக்கி மூடினா சொட்டறதும் கூடும் ஆபத்தும் கூடும், தெறந்து வச்சா சூடு நிக்காது. ஒரு நைலான் துணிதான சுவரு, அதுக்கும் மேல வல. ஹீட்டர அணைச்சா கொஞ்ச நேரத்துலயே பழைய குளிர் வந்து உக்காந்துக்கும்.

அப்ப எதுக்குதான் அத வாங்கறது? காலைல எந்திரிச்சு டிரெஸ் மாத்தற அந்த இருபது நிமிஷத்துக்கு, சாயங்காலம் குழந்தைங்களுக்கு சாக்ஸ் போட்டு பேக்குக்குள்ள நுழைக்கிற அரை மணி நேரத்துக்கு. பெரியவங்க ஒருத்தர் முழிச்சு பக்கத்துலயே இருக்கணும், ரெண்டு பக்கமும் காத்து வர வழி இருக்கணும், முன்னாடி ரெண்டு மூணு அடிக்கு துணிமணி எதுவும் இருக்கக் கூடாது, ஹீட்டரோட அந்த செவந்த தட்டுல நைலான் பட்டா உருகிடும். கனடால விக்கிற மாடலோட மேனுவல எடுத்து எங்க வச்சு எரிக்கலாம்னு என்ன போட்டிருக்குன்னு படிங்க, யூடியூப்ல அமெரிக்காக்காரன் பண்ணான்னு பண்ணாதீங்க. இந்த அளவுக்கு மட்டும்னா லிட்டில் பட்டியே போதும், பெருச பாத்து மயங்காதீங்க.

ஊருக்கு எடுத்துட்டு போலாமான்னு ஒரு நண்பர் கேட்டிருந்தார், ஊட்டில டென்ட் போடப் போறாராம். 7,000 அடிக்கு மேல போனா இந்த பட்டி தானா அணைஞ்சு போகலாம்னு கம்பெனியே சொல்லுது, ஊட்டி அதுக்கும் மேல. அதோட இந்த சிலிண்டருக்கு அங்க எங்க போறது. விட்டுடுங்க சார்.

இன்னொரு ரகம் இருக்கு, நம்ம வீட்டுல டேபிள் மேல வைக்கிற குட்டி கேஸ் அடுப்புக்கு மாட்டுவோமே அந்த நீட்ட கேஸ் டப்பா, அதுல மாட்டற ஹீட்டர். விலை கம்மி. ஆனா அந்த டப்பால இருக்கறது பியூட்டேன், அது கொதிக்கிறதே மைனஸ் அரை டிகிரில. வெளிய ஜீரோ வந்தா திரவமாவே உக்காந்திருக்கும், கேஸா வெளிய வராது. குளிர் வந்தா வேலை செய்யாத ஹீட்டர் நமக்கு எதுக்கு? புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும், அதனால அது பரவால்ல.

எங்க அத்தை, அதாவது மாமியார், கோத்தகிரி பக்கம் வளந்தவங்க, இங்க வந்திருந்தப்போ நான் இந்த ஹீட்டர் ஆராய்ச்சி பண்றத பாத்துட்டு, "மாப்ள, ஒரு குமுட்டில கரி நெருப்ப அள்ளி உள்ள வச்சா தீந்துச்சு, இதுக்குப் போய் இவ்ளோ காசா?"ன்னு கேட்டாங்க. அவங்க சொல்றது தப்பா தெரியாது, ஏன்னா அவங்க வளந்த ஓட்டு வீட்டுல ஓட்டு சந்துல காத்து பூந்து வெளையாடும், கதவுக்கு கீழ கைய நுழைக்கலாம். அந்த பழக்கத்த அப்படியே டென்ட்டுக்கோ இப்பத்த காட்டேஜ் ரூமுக்கோ கொண்டு வந்தா கொன்னுடும். கரில புகை அடங்கி செவப்பா கனியும்போதுதான் நமக்கு பத்திரம்னு தோணும், ஆனா அப்பவும் அது கார்பன் மோனாக்சைட தள்ளிட்டேதான் இருக்கும், வாசனையும் இல்ல, கண்ணும் எரியாது. ரத்தத்துல ஆக்ஸிஜன விட 200 மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டிக்கும். மொதல்ல தலைவலி, குமட்டல், அசதி, இத பயண அலுப்புன்னு நெனச்சு படுத்துட்டா எந்திரிக்க மாட்டாங்க. கொடைக்கானல், ஊட்டி பக்கம் ரூமுக்குள்ள கரி அடுப்பு வச்சு தூங்கி செத்த செய்தி நீங்களும் படிச்சிருப்பீங்க. பார்பிக்யூவ மழைக்கு உள்ள இழுத்து வைக்கிறதும் இதேதான், அணைஞ்ச மாதிரி இருக்கற கரியும் சேத்துத்தான் சொல்றேன். அத்தை கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "அப்ப எனக்கு கீழ இன்னொரு கம்பளி போடுங்க"ன்னாங்க. நான் ஒரு மாசமா படிச்சு புரிஞ்சுகிட்டத அவங்க ஒத்த வரில சொல்லிட்டாங்க.

ஏன்னா குளிர் கீழ இருந்துதான் ஏறும். நம்ம ஆளுங்க கொண்டு வர்ற காத்தடிச்ச பெரிய மெத்தை இருக்கே, அதுதான் மொத வில்லன். உள்ள சும்மா காத்துதான், அது தரை குளிர வாங்கி முதுகுக்கு குடுத்துட்டே இருக்கும். ஸ்லீப்பிங் பேட்ல, அதாவது கீழ விரிக்கிற மெத்தைல, தரை குளிர எவ்ளோ தடுக்கும்னு ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அக்டோபருக்கு 4க்கு மேல பாருங்க. ஒண்ணு மேல ஒண்ணு போட்டா அந்த நம்பர் கூடும், சாதாரண ஃபோம் பேட் 2 இருக்கும், அதனால இருக்கற மெத்தைக்கு மேல அத விரிச்சாலே நல்ல வித்தியாசம் தெரியும். ஸ்லீப்பிங் பேக்ல பெருசா போட்டிருக்கற மைனஸ் நம்பர நம்பாதீங்க, அது பல தடவ லிமிட் நம்பர், அதாவது எப்படியோ தாங்கிக்கற எல்லை, பக்கத்துல பொடி எழுத்துல கம்ஃபர்ட்னு, சுகமா தூங்கற அளவு ஒண்ணு இருக்கும், நமக்கு அதுதான்.

பவர் ஸ்டேஷன்னு விக்கிற பெரிய பேட்டரி பெட்டி வச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு. 1000 வாட் ஹவர் பெட்டில 1500 வாட்ஸ் ஹீட்டர போட்டா 40 நிமிஷம் கூட வராது, காச கரியாக்காதீங்க. அதே பெட்டில 12 வோல்ட் எலக்ட்ரிக் போர்வை, 50 வாட்ஸ் அளவுல, ரெண்டு ராத்திரி ஓடும். காத்த சூடாக்காம ஆள சூடாக்குது, அவ்ளோதான் சூட்சுமம். அதுவும் இல்லன்னா கெட்டி பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, மூடிய இறுக்கி, சாக்ஸ்ல சுத்தி கால் கிட்ட வைங்க.

டீசல் ஹீட்டர் பத்தி நெறைய பேர் கேக்கறாங்க. எனக்கு அதுல மரியாதை உண்டு, எரியறதும் புகை போறதும் எல்லாம் டென்ட்டுக்கு வெளிய, உள்ள வர்றது காஞ்ச சூடான காத்து மட்டும், அதனால சொட்டற பிரச்சனையும் இல்ல. ராத்திரி பூரா ஓட்டணும்னா என் ஓட்டு இதுக்குத்தான், அலாரத்தோட, புகைக்குழாய காத்தடிக்கிற திசைக்கு ஏத்த மாதிரி டென்ட்ட விட்டு தள்ளி வச்சு. ஆனா கனமான பெட்டி, 12 வோல்ட் பேட்டரி, ஸ்டார்ட் பண்ணும்போது 10 ஆம்ப் கிட்ட இழுக்கும், பம்ப் டிக் டிக்னு அடிச்சிட்டே இருக்கும், பக்கத்து சைட்காரன் காலைல மொறைப்பான். வருஷத்துக்கு ஒரு தடவ போறவங்களுக்கு இது ஓவர். விறகு அடுப்பு வச்ச கேன்வாஸ் டென்ட் தனி உலகம், நம்ம நைலான் டென்ட்ல அத நெனச்சே பாக்காதீங்க.

அப்புறம் அந்த மெழுகுவர்த்தி மேல பூந்தொட்டிய கவுத்து வைக்கிற வீடியோவ யாரும் இனிமே குரூப்ல அனுப்பாதீங்க ப்ளீஸ். ஒரு மெழுகுவர்த்தி சுமார் 80 வாட்ஸ், தொட்டி வச்சா அது கூடிடாது. தூங்கற ஒரு ஆளோட உடம்பே கிட்டத்தட்ட அவ்ளோ சூடு குடுக்கும், அதுக்கு பேசாம இன்னொரு மச்சான கூட்டிட்டு வந்து படுக்க வச்சுக்கலாம், தீயாவது பிடிக்காது.

ஹீட்டர் எப்ப வேணா வாங்கிக்கலாம் மக்களே, எலக்ட்ரிக் சைட்தான் கிடைக்காது. ஒன்டாரியோ பார்க்ஸ்ல அஞ்சு மாசம் முன்னாடி காலைல 7 மணிக்கு புக்கிங் தெறக்கும், அக்டோபர் மொத வாரத்துக்கு வேணும்னா மே மாசமே அலாரம் வச்சு எந்திரிங்க. கெடைச்சவங்க கமென்ட்ல சொல்லுங்க, வயர் எவ்ளோ நீளம் வேணும்னு பாப்போம்.