மூன்று குரல்கள்: ‘சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்’ கேட்புக் குறிப்பு

ஆகஸ்ட் 8

அமெரிக்க கௌபாய்ப் பாட்டுக் குழு ‘சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்’. 1934-ல் இதே நாளில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் இவர்களின் முதல் ஒலிப்பதிவு. ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ அன்று பதிவானதுதான்; எழுதியவர் பாப் நோலன். அதற்கு முந்தைய ஆண்டு அவரும் லென் ஸ்லையும் டிம் ஸ்பென்சரும் லாஸ் ஏஞ்சலஸில் ‘பயனியர் ட்ரையோ’ தொடங்கினார்கள். “முன்னோடிகள் என்று சொல்ல இவர்களுக்கு வயது போதாது” என நினைத்த வானொலி அறிவிப்பாளர் ‘சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்’, அதாவது ‘முன்னோடிகளின் பிள்ளைகள்’ என்று அறிவித்துவிட, அதுவே பெயராக நிலைத்தது.

ஆகஸ்ட் 9

மூவர் பாட்டை நம் ஸ்வரத்தில் பிரித்தால் எளிதில் பிடிபடும். மெட்டைப் பாடும் நடுக்குரல் அந்தர காந்தாரத்தில் நின்றால், மேல்குரல் பஞ்சமத்தில், கீழ்க்குரல் ஷட்ஜத்தில். அடுத்து ச-ம-த கோர்டுக்கு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) போகும்போது நடுக்குரல் மத்யமத்துக்கும் மேல்குரல் தைவதத்துக்கும் ஏறும், கீழ்க்குரல் அசையாது. பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். கீழ்க்குரல்காரர் மெட்டின் இழுப்பில் தானும் ஏறிவிடுவார்.

இன்னொன்று: கிட்டாரின் காந்தாரம், தம்பூராவில் எழும் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் (அரைக்கட்டையின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதல். கிட்டாரையே பிடித்துப் பாடினால் மூன்று குரலும் லேசாக உரசும். ஒருவரையொருவர் கேட்டுப் பாடினால் காந்தாரம் கொஞ்சம் இறங்கி உட்காரும். அந்த வழவழப்புக்கு அதுதான் காரணம்.

ஆகஸ்ட் 10

யோடல்: நெஞ்சுக்குரலுக்கும் கள்ளக்குரலுக்கும் (ஃபால்செட்டோ) மாறி மாறித் தாவிப் பாடுவது. அப்படித் தாவும்போது விழும் உடைப்பை நாம் மறைப்போம். இவர்கள் அதையே அலங்காரமாக்கினார்கள். மூவரும் ஒரே கணத்தில் உடைக்க வேண்டும், ஆனால் ஒவ்வொருவருக்கும் உடையும் இடம் வேறு. சுருதியை அரைக்கட்டை தப்பாக வைத்தால் ஒருவர் தாவியிருப்பார், மற்றவர் நெஞ்சுக்குரலிலேயே முக்கிக்கொண்டிருப்பார்.

ஆகஸ்ட் 12

ஹ்யூ ஃபார் வந்ததும் ஃபிடிலோடு ஆழமான பாஸ் குரலும் கிடைத்தது. தம்பி கார்ல் கிட்டார்.

1937-ல் ஸ்லை ரிபப்ளிக் பிக்சர்ஸ் படநிறுவனத்துக்குப் போய் ராய் ராஜர்ஸ் என்ற பெயரில் கௌபாய் நடிகர் ஆனார். அந்த இடத்துக்கு வந்த பேட் பிரேடி டபுள் பாஸ் வாசித்தார், சிரிக்கவும் வைத்தார். மூவர் பாட்டைத் தாங்கியவரோ 1936-லேயே சேர்ந்திருந்த லாயிட் பெர்ரிமன். இந்தக் குழுவின் கதையில் இவருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 13

1949-ல் ஸ்பென்சரும் நோலனும் விலகினார்கள். கென் கர்ட்டிஸ், டாமி டாஸ் வந்தார்கள். டாஸின் குரல் நோலனுக்கு அவ்வளவு நெருக்கம். இயக்குநர் ஜான் ஃபோர்டின் படங்களான ‘வேகன் மாஸ்டர்’, ‘ரியோ கிராண்டே’ (1950) இரண்டிலும் ஒலிப்பது இந்தப் புதிய கூட்டுதான். அப்படியும் 1950-களின் நடுவில் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளுக்கு நோலன் திரும்ப வந்து பாடினார். அந்த ஆண்டுகளின் இசைத்தட்டில் கேட்கும் குரலும் மேடையில் நின்றவரின் குரலும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

ஆகஸ்ட் 15

கார்ல் ஃபார் 1961-ல் மேடையிலேயே உயிர்விட்டார். பெர்ரிமன் 1977-ல் இறக்கும்வரை குழுவில் இருந்தார். பிறகு, 1952-ல் சேர்ந்த டேல் வாரன் 2008 வரை நடத்தினார்.