ஒரு கட்டத்தில் போட்ட தப்பான டிக்

போன வெள்ளிக்கிழமை சார்ஜின் கைக்கு வீட்டுச் சாவி வந்தது. அக்டோபரில் தொடங்கிய அலைச்சல் மே மாதத்தில்தான் முடிந்தது. இந்த எட்டு மாதத்தில் மூன்று மாதம் சுத்தமாக வீண். பாதி என் முட்டாள்தனம், பாதி ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரின் அலட்சியம். சந்தோஷம்தான், இருந்தாலும் அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவில் வீடில்லாத முன்னாள் படைவீரர்களுக்கு உதவப் போகிற நம் ஆட்கள் யாராவது நான் விழுந்த பள்ளத்தில் விழாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சார்ஜ் என்பது அவர் பெயர் இல்லை. சனிக்கிழமை இரவு நாங்கள் சாப்பாடு பரிமாறும் இடத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சார்ஜென்ட் என்பதன் சுருக்கம். அவர் சார்ஜென்ட் ஆனதே கிடையாது. 1984 முதல் 1987 வரை பீரங்கிப் படையில் மூன்று வருடம், அவ்வளவுதான். எனக்கு முதல் ஒரு மாதம் அந்தப் பெயரைக் கேட்டாலே போன் சார்ஜ்தான் ஞாபகம் வந்தது. அறுபதைத் தொடுகிற வயது, இடது காது மந்தம். என் பெயரை எத்தனை தடவை சொன்னாலும் "மேம்" என்றுதான் கூப்பிடுவார்.

ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது கொடுக்கிற சான்றிதழுக்கு டிடி-214 என்று பெயர். இங்கே முன்னாள் வீரருக்கான எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். சார்ஜ் அதை ஒரு ஜிப் பையில் போட்டு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் காப்பாற்றி வைத்திருந்தார். பாலத்துக்கு அடியில் இருந்த கூடாரங்களை ஒரு நாள் காலையில் அகற்றினார்கள். இவர் கழிப்பறைக்குப் போயிருந்த நேரம். திரும்பி வருவதற்குள் பை குப்பை லாரியில் ஏறிவிட்டது. பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, புகைப்பட அடையாள அட்டை எல்லாம் அதோடு சரி.

முதலில் போன தொண்டு நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வரவேற்பில் இருந்த அம்மா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "டிடி-214 கொண்டுவாருங்கள், அப்புறம் பேசலாம்" என்றார். தொலைந்துவிட்டது என்றேன். "கொண்டுவாருங்கள், அப்புறம் பேசலாம்." வேறு எப்படியாவது சரிபார்க்க முடியுமா என்று கேட்டேன். மூன்றாவது தடவையும் அதே வாக்கியம். சார்ஜ் எழுந்து, "தேங்க் யூ, மேம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எனக்குத்தான் மண்டை காய்ந்தது.

சரி, வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். பழைய ராணுவப் பணிப் பதிவுகள் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் பதிவு மையத்தில் இருக்கின்றன. எஸ்.எஃப்-180 என்ற படிவத்தை நிரப்பி, வீரரிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். எங்களோடு பரிமாற வரும் ஒருவர், "அங்கேதான் 1973-இல் எல்லாம் எரிந்துபோச்சே, விட்டுவிடுங்கள்" என்று பயமுறுத்தினார். நானும் ஒரு வாரம் அதை நம்பிக்கொண்டு சும்மா இருந்தேன். தீ பிடித்தது உண்மைதான். 1973 ஜூலையில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையான கோப்புகள் போயின. ஆனால் அவை 1960-க்கு முன்னால் வெளியேறிய தரைப்படையினர், 1964-க்கு முன்னால் வெளியேறிய விமானப்படையினரில் ஒரு பகுதியினர் ஆகியோரின் கோப்புகள். 1987-இல் வெளியே வந்தவரின் கோப்பு 1973-இல் எப்படி எரியும்? கொஞ்சம் யோசித்திருந்தால் அந்த ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்ததுதான் என் மகா தவறு. அந்தப் படிவத்தில் 'டெலீட்டட்' நகல் வேண்டுமானால் டிக் செய்யவும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தரங்க விவரங்களை மறைத்துத் தருவார்கள் போலிருக்கிறது, அவருக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நான் டிக் போட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற இடத்தையும் காலியாக விட்டேன். அதுவும் தப்பு. தங்குமிடத்தில் சேர டிடி-214 தேவைப்படுகிற வீடில்லாதவர்களை அந்த மையம் அவசர வகையில் எடுத்துக்கொள்வது உண்டு. 2020-இல் பெருந்தொற்றால் வேலை முடங்கியபோதுகூட அந்த மாதிரி அவசரக் கோரிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரணத்தை எழுதுவது கட்டாயமில்லைதான், ஆனாலும் எழுதுங்கள்.

டிசம்பர் நடுவில் என் முகவரிக்கு உறை வந்தது. முகவரி இல்லாதவர்கள் தபால் நிலையத்திலேயே ஜெனரல் டெலிவரி என்று வாங்கிக்கொள்ளலாம்தான், ஆனால் அதற்கே புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள். அட்டைதான் லாரியில் போய்விட்டதே. உறையைப் பிரித்தால் பெயர் இருக்கிறது, படைப்பிரிவு இருக்கிறது, தேதிகள் இருக்கின்றன. கீழ்ப்பகுதியில் வரிசையாகக் கறுப்புப் பட்டை. எந்த முறையில் விடுவிக்கப்பட்டார், என்ன காரணம் என்ற இடம் முழுக்க மறைத்திருந்தது. 'டெலீட்டட்' நகல் என்றால் அதுதான். 1979 ஜூன் மாதத்துக்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு விடுவிப்பின் தன்மையையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார்கள். சலுகை தரும் இடங்கள் பார்க்க விரும்புவதே அந்த ஒரு வரியைத்தான். மையத்தின் மேல் குற்றமில்லை, கேட்டதைக் கொடுத்தார்கள். எதையும் டிக் செய்யாமல் விட்டிருந்தால் முழு நகலே வந்திருக்கும்.

அதை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த மேசைக்குப் போனேன். "எப்படி வெளியே வந்தார் என்றே இதில் இல்லையே" என்றார் அந்த அம்மா. கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் சார்ஜ் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஹானரபிள் டிஸ்சார்ஜ்தான், மேம். நான் ஒன்றும் பண்ணவில்லை" என்றார். எந்தக் கெட்ட பெயரும் இல்லாமல் விடுவிக்கப்பட்டேன் என்று அர்த்தம். சந்தேகப்பட்டு நான் கேட்டதுபோல அவருக்குத் தோன்றியிருக்கிறது. அன்றைக்கு ராத்திரியே புதுப் படிவம் நிரப்பினேன், டிக் இல்லாமல்.

ஜனவரியில் குளிர் தாங்காத ஒரு இரவில்தான் 877-424-3838 என்ற எண்ணை அழைத்தேன். வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் துறை, வீடில்லாத வீரர்களுக்காக இருபத்துநாலு மணி நேரமும் நடத்தும் எண். வீரர் சார்பாக வேறு யாரும் அழைக்கலாம். இதை அக்டோபரிலேயே செய்திருக்க வேண்டும். அவர்கள் எங்களை இன்னொரு தொண்டு நிறுவனத்திடம் கோத்துவிட்டார்கள். எஸ்.எஸ்.வி.எஃப். என்ற திட்டத்தில் வி.ஏ. மானியம் வாங்கி வேலை செய்கிறவர்கள். தெருவில் இருப்பவரை அவசரமாக எங்காவது தங்கவைப்பது, வாடகை பாக்கி, முன்பணம் எல்லாம் அந்தப் பணத்திலிருந்து கொடுக்கலாம்.

அங்கே இருந்த பையன், இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம், மூன்றே கேள்வி கேட்டான்: பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண். சார்ஜுக்கு எண் மனப்பாடம். நான் பையைத் திறந்து கறுப்புப் பட்டைத் தாளை வெளியே எடுத்து, கதையை ஆரம்பிப்பதற்குள், "ஓகே, இவருக்குத் தகுதி இருக்கிறது" என்றான். ஸ்கொயர்ஸ் என்று வி.ஏ.வின் ஒரு இணையவழி வசதி இருக்கிறதாம். பதிவு செய்துகொண்ட தொண்டு நிறுவனங்கள் அதில் தட்டினால் ஒருவர் முன்னாள் வீரரா, எந்தெந்தத் திட்டத்துக்குத் தகுதி என்று வந்துவிடும். காகிதமே வேண்டாம். முதலில் போன நிறுவனமும் அதில் பதிவு செய்ததுதான் என்று பிறகு தெரிந்தது. அந்த அம்மாவின் திரையிலேயே அது திறந்திருந்ததோ என்னவோ.

ஆகவே எந்த இடத்துக்குப் போனாலும் வாசலிலேயே கேளுங்கள்: "ஸ்கொயர்ஸில் பார்த்துச் சொல்ல முடியுமா?" அந்தச் சொல் தெரிந்தவர் என்றாலே பேசும் தொனி மாறுகிறது.

அன்றிரவே சார்ஜுக்கு ஒரு மோட்டலில் அறை கிடைத்தது. வி.ஏ.வில் மருத்துவப் பதிவு, கேஸ் மேனேஜர் எல்லாம் வழுக்கிக்கொண்டு நடந்தன.

நடுவில் நான் இன்னொரு சொந்தக் கோமாளித்தனம் பண்ணினேன். வீடில்லாத வீரர்களுக்கு வாடகைக்கு உதவுகிற ஹட்-வாஷ் வவுச்சர் வீட்டுவசதி அலுவலகம் வழியாகத்தானே வருகிறது, நேரே போய் மனு கொடுத்துவிடலாம் என்று விடிகாலையில் வரிசையில் நின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து ஜன்னலுக்குப் போனால், "காத்திருப்போர் பட்டியல் மூடப்பட்டது" என்ற பலகை. அது பொதுமக்களுக்கான பட்டியல். ஹட்-வாஷுக்கு வி.ஏ.தான் பரிந்துரைக்க வேண்டும், அந்த வரிசைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வாடகையில் ஒரு பங்கை வவுச்சர் கட்டும், வீரர் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் கட்டுவார், கூடவே வி.ஏ.வின் கேஸ் மேனேஜர் தொடர்ந்து பார்த்துக்கொள்வார். முன்பணத்தை மட்டும் வவுச்சர் தராது. அதற்குத்தான் எஸ்.எஸ்.வி.எஃப். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் நகர்த்தாமல் விட்டால், வீடு கிடைத்த பிறகு முன்பணத்துக்காகத் தொங்க வேண்டியிருக்கும்.

அடையாளக் காகிதங்கள் தனிக் கூத்து. புகைப்பட அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்குப் புகைப்பட அட்டை வேண்டும். அவர் பிறந்த மாநிலம் வேறு. இரண்டு தடவை மனு திரும்பி வந்தது. கடைசியில் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் அந்தப் பையன் எழுதிக் கொடுத்த கடிதமும், வி.ஏ. மருத்துவப் பதிவுத் தாள்களும் சேர்ந்துதான் அந்த முடிச்சை அவிழ்த்தன. இந்த விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், போனில் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

வருமானத்துக்கு என்ன வழி என்று பார்த்தபோது இன்னொரு அடி. வி.ஏ. பென்ஷன் என்றால் போர்க்காலத்தில் ஒரு நாளாவது பணியில் இருந்திருக்க வேண்டும். வியட்நாம் காலம் 1975 மே மாதத்தோடு முடிகிறது, வளைகுடாப் போர்க் காலம் 1990 ஆகஸ்டில் தொடங்குகிறது. சார்ஜின் மூன்று வருடம் கச்சிதமாக இரண்டுக்கும் நடுவில். அதைக் கேட்டுவிட்டு, "நான்தான் சமாதானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்" என்று சிரித்தார். ஆனால் காது போனதற்கு இழப்பீடு கேட்கப் போர்க்காலம் தேவையில்லை, பணியில் கேட்ட பீரங்கிச் சத்தத்தால் வந்தது என்று காட்டினால் போதும். பிப்ரவரியில் வந்த முழு நகல், 'ஹானரபிள்' என்று தெளிவாக அச்சிட்டது, இங்கேதான் பயன்பட்டது.

இழப்பீடு கோரிக்கை போடுகிறோம் என்றதும் எங்கிருந்தோ ஒரு நிறுவனம் மோட்டலுக்கே போன் செய்து, கிடைக்கிற தொகையில் பங்கு கொடுத்தால் முடித்துத் தருகிறோம் என்றது. நல்ல வேளை, சார்ஜ் கையெழுத்துப் போடவில்லை. முதல் கோரிக்கையைத் தயாரித்துக் கொடுக்க யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை, கேட்பதே சட்டப்படி தப்பு. டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற வீரர் சங்கங்களில் அங்கீகாரம் பெற்றவர்கள் இலவசமாகச் செய்து தருகிறார்கள். அந்தக் கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது.

மார்ச்சில் வவுச்சர் வந்தது. வீடு தேட 120 நாள். என் நோட்டுப்படி 31 வீட்டுக்காரர்களை அழைத்தேன். வவுச்சர் என்ற சொல்லைக் கேட்டதுமே பலர் வைத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் "முன்னாள் வீரர்களை மதிக்கிறேன்" என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டு வைத்தார். நிறுவனத்தில் வீட்டுக்காரர்களிடம் பேசுவதற்கென்றே ஒருவர் இருக்கிறார் என்பது 31-வது அழைப்புக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் நான்காவது அழைப்பில் முடித்தார்.

அப்புறம் வவுச்சருக்கான வீட்டு ஆய்வு. மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறது, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்யவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் இன்று ஆள் வருவான், நாளை வருவான் என்று பத்து நாள் ஓட்டினார். பதினோராவது நாள் சார்ஜ் யாரிடமோ ஸ்க்ரூடிரைவர் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, கைப்பிடியை அவரே முடுக்கினார். கருவிக்கு பேட்டரி நான் வாங்கினேன். மறு ஆய்வு கால் மணி நேரம்.

ஹட் எனப்படும் அமெரிக்க வீட்டுவசதித் துறையின் கணக்கெடுப்பில் 2010-இல் சுமார் 74 ஆயிரம் முன்னாள் வீரர்கள் வீடில்லாமல் இருந்தார்கள். 2024 ஜனவரியில் அது 33 ஆயிரத்துக்கும் கீழே. ஆக, இந்தத் திட்டங்கள் வேலை செய்கின்றன. அக்டோபரில் யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்திருப்பேன்.

சாவி வாங்கிய அன்று சார்ஜ் என்னிடம் ஒரு புது ஜிப் பையைக் கொடுத்தார். உள்ளே டிடி-214 முழு நகலின் ஜெராக்ஸ், மடிப்பு இல்லாமல். "ஒன்று உங்களிடம் இருக்கட்டும், மேம். உங்கள் வீட்டுக்கு லாரி வராது" என்றார்.