பச்சைப் பாக்கெட் ரெண்டு

"இந்த டிராமா பாருங்க, இதுல ஹீரோ பேசுற ஜாப்பனீஸ் உங்களுக்கு ஈஸியா புரியும்"னு சொல்லி எங்க சென்செய் ஒரு டிவிடி செட்டை கையில குடுத்தாங்க. சென்செய்ன்னா எழுபது தாண்டின ஒரு அம்மா, சனிக்கிழமை காலையில இங்க டோக்கியோல எங்கள மாதிரி வெளிநாட்டுக்காரங்களுக்கு காசு வாங்காம பேச்சு ஜாப்பனீஸ் சொல்லிக் குடுக்கிறவங்க. ரொம்ப நல்ல மனசு. நானும் ஏதோ குடும்பக் கதைன்னு நெனச்சு சந்தோஷமா வாங்கிட்டு வந்து, பொண்ணு தூங்கினதுக்கு அப்புறம் போட்டுப் பாத்தேன்.

முதல் எபிசோடு பாதியில நிறுத்திட்டேன்.

ஹீரோவுக்கு ஆட்டிசம். பேரு தெருஆகி, 31 வயசு, ஒரு மிருகக்காட்சி சாலையில வேலைக்குச் சேர்றார். சின்னச் சின்ன வாக்கியம், குரல்ல ஏத்த எறக்கம் கிடையாது, எதிர்ல நிக்கிறவங்க கண்ணைப் பாக்க மாட்டார். சென்செய் சொன்னது நிஜம்தான், அவர் பேசினதுல முக்கால்வாசி எனக்குப் புரிஞ்சுது. ஆனா எனக்குத் தொண்டை அடைச்சது அதுக்காக இல்ல. அந்தக் குரல் நான் பொறந்த வீட்டுக் குரல். கும்பகோணத்துல என் தம்பி இப்பவும் அப்படித்தான் பேசுறான்.

டிராமா பேரு 'போகு நோ அருகு மிச்சி', நான் நடக்கிற வழின்னு அர்த்தம். 2006-ல ஃபுஜி டிவில செவ்வாய்க்கிழமை ராத்திரி வந்தது. ஹீரோவா நடிச்சது ஸ்மாப்னு இங்க வீடு வீடா தெரிஞ்ச பாட்டு குரூப்ல இருந்த குசநாகி சுயோஷி. அடுத்த நாள் மறுபடியும் ஆரம்பத்துல இருந்து பாத்தேன், ஒரு வாரத்துல பதினோரு எபிசோடும் முடிச்சேன். அதுல தெருஆகிக்கு பத்து வயசுப் பிள்ளையோட அறிவுன்னு வருது. அந்த எடத்துல மட்டும் எனக்கு சுருக்குன்னுச்சு. ஏன்னா எங்க வீட்ல இதே வார்த்தைய எத்தன பேர் சொல்லிட்டுப் போயிருக்காங்க, "உடம்புதான் வளந்திருக்கு, புத்தி அஞ்சு வயசுல நின்னுடுச்சு"ன்னு. என் தம்பிக்கு இப்ப 36 வயசு. தாடியில நரை வந்தாச்சு. அப்பா செத்தப்போ கொள்ளி வெச்சவன் அவன். 36 வருஷம் மழை வெயில் பாத்து, தீபாவளி பாத்து, சாவு பாத்து இருக்கிறவனை அஞ்சு வயசுன்னு சொன்னா மிச்ச 31 வருஷம் எங்க போச்சு?

அவனுக்கு டெஸ்ட் எடுத்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தஞ்சாவூருக்கு பஸ்ல போனோம், நான், அம்மா, தம்பி. மரக்கட்டைய அடுக்கச் சொன்னாங்க, படத்தைக் காட்டி எது பெருசு எது சிறுசுன்னு கேட்டாங்க, அவன் கட்டைய அடுக்காம கலர் கலரா பிரிச்சு வெச்சுட்டு கைய கட்டிக்கிட்டான். சர்டிபிகேட்ல 75 சதவீதம்னு எழுதிக் குடுத்தாங்க. ஐக்யூ 35-ல இருந்து 49-க்குள்ள வந்தா ஊனம் 75 சதவீதம்னு அப்போ கணக்கு, அது அப்புறம்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் பாட்டி திண்ணையில இருந்தே "எத்தனடி போட்டான்?"னு கேட்டா. அம்மா 75-னு சொன்னாங்க. பாட்டிக்கு மொகமெல்லாம் பூரிப்பு, "நான் சொல்லல, என் பேரன் கெட்டிக்காரன், ஒன்னும் கொறை இல்ல"ன்னு உள்ள போய் சக்கரைய எடுத்துட்டு வந்து அவன் வாயில போட்டா. யாரும் அவளுக்கு வெளக்கிச் சொல்லல. சாகுற வரைக்கும் தெருவுல எல்லார்கிட்டயும் பேரன் 75 மார்க்குன்னு சொல்லிட்டே இருந்தா.

இங்க டோக்கியோலயும் அதே 35-ல இருந்து 49 கோடு இருக்கு, அதை மூணாம் நிலைன்னு சொல்றாங்க. நாலு நிலை இருக்கு. அதுக்குக் குடுக்கிற அட்டைக்கு டோக்கியோல பேரு 'ஆய் நோ தெச்சோ'. ஆய்ன்னா அன்பு, தெச்சோன்னா கையில வெச்சுக்கிற சின்ன நோட்டு. அன்புக் கையேடு! என் பாட்டி இருந்திருந்தா இந்தப் பேரைக் கேட்டு அதுக்கும் ஒரு வாய் சக்கரை போட்டிருப்பா.

டிராமா புடிச்சுப் போய் இதே மாதிரி இருக்கிறத தேடித் தேடிப் பாத்தேன். 2012-ல 'அதரு'ன்னு ஒன்னு, அதுலயும் ஸ்மாப் ஆளுதான், நகாய் மசஹிரோ. கதையில ஒன்னும் சரியா பேசத் தெரியாதவர், ஆனா போலீசால கண்டுபிடிக்க முடியாத கேஸை எல்லாம் துப்பு குடுத்துடுவார். 2018-ல 'குட் டாக்டர்', கொரியாக்காரங்க 2013-ல எடுத்ததோட ஜப்பான் வடிவம், ஆட்டிசம் இருக்கிற பையன் குழந்தைகளுக்கு ஆபரேஷன் பண்ற டாக்டரா வரப் பாக்குறான், மருத்துவப் புத்தகம் மொத்தமும் மனப்பாடம். அழுதுட்டேதான் பாத்தேன், பொய் சொல்லல. ஆனா அழுகை அடங்கினதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு ஆத்தாமை வந்து உக்காந்துடுச்சு, இன்னும் போகல. ஏன் எப்பவும் ஒரு கையில புடுங்கினா இன்னொரு கையில அள்ளிக் குடுக்கணும்? ஊர்லயும் இதேதான். சொந்தக்காரங்க வந்தா முதல் கேள்வி "படிப்பு வரலன்னா என்ன, பாட்டு வருமா? படம் வரைவானா? தேதி சொன்னா கெழமை சொல்வானா?" அம்மா ஒவ்வொரு தடவையும் ஏதோ தப்பு பண்ணின மாதிரி தலையைக் குனிஞ்சு "இல்லீங்க"ம்பாங்க. என் தம்பிக்குப் பாட்டு வராது. இருபதுக்கு மேல எண்ண வராது. ஊனமுற்றோர்னு இருந்ததை மாற்றுத்திறனாளின்னு மாத்தினது நல்ல மனசோட பண்ணினது, எனக்குத் தெரியும், ஆனா அதுக்குள்ளயும் ஒரு திறன் வந்து உக்காந்துட்டு இருக்கு பாருங்க. இங்க என்னன்னா ஊனத்துக்கு ஷோகாய்னு எழுதுற ரெண்டு எழுத்துல ரெண்டாவதுக்கு கேடு, தீங்குன்னு அர்த்தம், அதனால நெறைய பேர் அந்த ஒரு எழுத்தை மட்டும் ஹிராகனால, அதாவது அர்த்தம் இல்லாம சத்தத்தை மட்டும் காட்டுற எழுத்துல, எழுதுறாங்க. எல்லா ஊர்லயும் வார்த்தைய தேடிட்டுத்தான் இருக்காங்க போல.

தம்பிக்கு தெரிஞ்சது பால் வாங்குறது. தெரு முனை பூத்ல ஆவின் பச்சைப் பாக்கெட் ரெண்டு. காலையில அஞ்சரைக்கு ஒயர்கூடைய எடுத்துட்டு போவான், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, பிள்ளையார் கோயில்கிட்ட ஒரு நிமிஷம் நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டு. ஒரு நாள் பச்சை தீந்துபோச்சு, பூத்காரர் நீலத்தைக் குடுத்திருக்கார். இவன் வாங்கல. திரும்பியும் வரல. ஒரு மணி நேரம் அங்கயே நின்னிருக்கான், அம்மா பதறிப் போய் ஓடினா கூடைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு "பச்சை. பச்சை"ன்னு மட்டும் சொல்லிட்டு இருக்கான். அன்னிக்கு நாங்க எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் வந்த ஒரு நாளுக்கு சிரிக்க முடியல. டீக்கடையில உக்காந்திருந்த நாலஞ்சு பசங்க அவன் வாயில பீடிய வெச்சு, கெட்ட வார்த்தைய சொல்லிக் குடுத்து, போற வர்ற பொம்பளைங்களப் பாத்து சொல்ல வெச்சிருக்காங்க. அவன் அதை வீட்ல வந்து அம்மாகிட்ட சொன்னான், புதுசா பாடம் படிச்ச சந்தோஷத்தோட. அன்னியோட அப்பா கேட்ல பூட்டு போட்டார். அவனுக்கு அப்ப 19. அவன் நடந்த வழி அவ்ளோதான், வீட்ல இருந்து பூத் வரைக்கும் எரநூறு அடி.

அதனாலதான் தெருஆகி தனியா வேலைக்குப் போயிட்டு தனியா வீட்டுக்கு வர்ற ஒவ்வொரு சீனையும் நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். கதைன்னு விட முடியல, நாங்க போற தோசாய் லைன் ரயில்லயே பாக்குறேன். காலையில ஒரு பையன் ஏறுவான், பையில உதவி தேவைப்படலாம்னு காட்டுற சிவப்பு ஹெல்ப் மார்க் தொங்கும், வெள்ளைக் கூட்டல் குறியும் இதயமும் போட்டது. மினாமி-சுனமாச்சி, தோயோச்சோ, கிபா, மொன்சென்-நகாச்சோன்னு ஸ்டேஷன் அறிவிப்பு வர்றதுக்கு ஒரு வினாடி முன்னாடி அவன் சொல்லிடுவான், அதே பொண்ணு குரல்ல. அந்த நெரிசல்ல ஒருத்தர்கூட திரும்பிப் பாக்க மாட்டாங்க. முதல்ல எனக்கு அது பெரிய மரியாதையா தெரிஞ்சுது. ஆனா ஒருத்தர்கூட அவன்கிட்ட பேசியும் நான் பாத்தது இல்ல. மகாமகக் குளத்துக்கிட்ட பூ விக்கிற அக்கா ஒருத்தங்க, தம்பிய அம்மா கையப் புடிச்சு கூட்டிட்டுப் போறப்போ எல்லாம் "என்ன மாப்ள, சாப்ட்டியா"ன்னு கேக்காம விட்டதே இல்ல. பீடி குடுத்ததும் அதே ஊர்தான், மாப்ளன்னு கூப்ட்டதும் அதே ஊர்தான், நான் எந்தப் பக்கம் சேர்றதுன்னு இன்னும் தெரியல. இந்த நாட்டையும் நான் தூக்கி வெச்சுப் பேச மாட்டேன். 1948-ல இருந்து 1996 வரைக்கும் என் தம்பி மாதிரி இருக்கிறவங்களுக்கு எல்லாம் குழந்தையே பொறக்கக் கூடாதுன்னு கருத்தடை பண்ற சட்டமே இருந்திருக்கு, சுமார் 25,000 பேருக்குப் பண்ணியிருக்காங்க, அது அரசியலமைப்புக்கு எதிரானதுன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது 2024 ஜூலையிலதான். குசநாகியோட டிராமாவுக்கு அழுத ஜனங்கள்ல அந்த ஆபரேஷன் நடந்தவங்க எத்தன பேர் இருந்திருப்பாங்க.

டோக்கியோல நிஷி-கசாய்ங்கிற இந்த ஏரியாவுக்கு வந்து நாலு வருஷம் ஆகுது. கறிவேப்பிலை நடந்து போற தூரத்துல கெடைக்குது, இட்லி மாவு கெடைக்குது, நல்லாவே செட்டில் ஆயிட்டோம்னு எல்லார்கிட்டயும் சொல்வேன். போன மாசம் பல்வலின்னு ஒரு கிளினிக் போனேன், துணைக்கு ஏழு வயசு பொண்ணு. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு என்னை ஒரு தடவ பாத்துச்சு, நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள குனிஞ்சு என் பொண்ணுகிட்ட "மாமாவுக்கு எங்க வலிக்குது?"ன்னு கேட்டுச்சு. இங்க மாமான்னா அம்மா. வலிக்கிற பல்லு என் வாயில இருக்கு, நான் அங்கதான் நிக்கிறேன், எனக்கு ஒரு டிகிரி இருக்கு, ஆனா கேள்வி என் தலைக்குக் கீழ போகுது. வெளிய வந்து பிளாட்பாரத்துல உக்காந்தப்போ தம்பி ஞாபகம்தான். கல்யாண வீட்ல பந்தியில உக்காந்திருப்பான், பரிமாறுறவர் அம்மாவப் பாத்து "இவனுக்குப் பாயசம் போடலாமா?"ம்பார். அவனுக்குப் பாயசம்னா உயிர். வாயைத் தொறந்து "போடு"ன்னு சொல்வான், அவர் அம்மா தலையாட்டுற வரைக்கும் காத்துட்டு இருப்பார். எத்தன தடவ நானே அப்படிக் கேட்டிருக்கேன், அவன் பக்கத்துல நிக்கிறப்பவே, "அம்மா, தம்பி சாப்ட்டானா?"ன்னு. என் ஜாப்பனீஸ் இன்னும் ரெண்டு வருஷத்துல சரியாயிடும், அப்புறம் யாரும் என் பொண்ணுகிட்ட குனிய மாட்டாங்க. அவனுக்கு அப்படி ஒரு ரெண்டு வருஷம் கிடையாது.

டிராமாவோட முடிவுல இவங்க சேர்ந்து தங்குற க்ரூப் ஹோம் விஷயம் வருது, அம்மா காலத்துக்கு அப்புறம் என்னங்கிற கேள்வி. அதைப் பத்தி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரல. எங்க அம்மாவுக்கு 66 ஆகுது.

டிவிடிய திருப்பிக் குடுத்தப்போ சென்செய் "புரிஞ்சுதா?"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒரு தம்பி இருக்கான்னு மட்டும் சொன்னேன். சின்னச் சின்ன வாக்கியம்தான் எனக்கு வருது. அவங்க கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "அவருக்கு என்ன புடிக்கும்?"னு கேட்டாங்க. என்ன வரும்னு கேக்கல. என்ன புடிக்கும்னு கேட்டாங்க. நாலு வருஷத்துல என்கிட்ட யாரும் கேட்ட கேள்வியிலயே அதுதான் எனக்குப் புடிச்ச கேள்வி.

அன்னிக்கு ராத்திரி வீடியோ கால்ல அம்மாகிட்ட போனை தம்பிகிட்ட குடுக்கச் சொன்னேன். "சாப்ட்டியாடா?"ன்னு அவன்கிட்டயே கேட்டேன். "சாப்ட்டேன். அக்கா பால் வாங்கினியா?"ன்னான். ஃப்ரிட்ஜைத் தொறந்து பால் அட்டைப்பெட்டிய எடுத்துக் காட்டினேன். இங்க பால் பெட்டி மேல் விளிம்புல அரைவட்டமா ஒரு சின்ன வெட்டு இருக்கும், கண்ணு தெரியாதவங்க தடவிப் பாத்து இது பால்னு தெரிஞ்சுக்க. அந்த வெட்டு மேல வெரலை வெச்சு அவனுக்கு வெளக்கிட்டு இருந்தேன். அவன் வெரலைப் பாக்கவே இல்ல. பெட்டியையே மொறைச்சுப் பாத்துட்டு இருந்தான், நீலக் கலர் பெட்டி.

"இது இல்ல"ன்னான். "பச்சை."

வேற கலர் இங்க இருக்கான்னு நாளைக்குப் பாக்குறேன்டான்னு சொன்னேன். போனை அம்மா கையில குடுத்துட்டு எழுந்து போயிட்டான்.