சாய்ந்து நிற்கும் மரப்பாச்சி

மண்ணடி மெட்ரோவில் இறங்கி, தங்கசாலைத் தெருப் பக்கம் நடக்க ஆரம்பித்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. வட சென்னையில் பழைய மரச்சாமான் தேட வேண்டுமென்றால் காலையில்தான் போகவேண்டும். வெயில் ஏறிவிட்டால் சந்துகளில் மீன்பாடி வண்டிகளுக்கு நடுவே நிற்கக்கூட இடம் இருக்காது.

நான் தேடிப் போனது மரப்பாச்சி. கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீரோடு கொடுப்பார்களே, கொலுவில் ஜோடியாக நிற்குமே, அதே பொம்மைதான். நல்லது என்றால் செம்மரத்தில் செதுக்கியதாக இருக்கும். ஆந்திராவில் சேஷாசலம் பக்கத்து மலைகளில் விளைகிற மரம் அது. வைரம் பாய்ந்த கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். இது தெரியாமல் இரண்டு வருஷம் முன்பு வேறொரு கடையில் ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தால் சாயம் மொத்தமும் துணியில் இறங்கிவிட்டது. உள்ளே வெறும் வெள்ளை மரம். அந்த வருத்தம் ரொம்ப நாள் போகவில்லை.

இந்த முறை போன கடை, ஒரு சந்துக்குள் ஆளுயரத்துக்கு ஜன்னல் கதவுகள் சாய்த்து வைத்த கடை. பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். 1985-ல் தீப்பிடித்து எரிந்த மூர் மார்க்கெட்டில் அவர் அப்பாவுக்குக் கடை இருந்ததாம். முதலில் ஆந்திராவின் கொண்டபள்ளியில் செய்கிற மாட்டுவண்டிப் பொம்மை ஒன்றை எடுத்துக் காட்டினார். இந்தப் பக்கம் தெலுங்குக் குடும்பங்கள் அதிகம் என்பதால் அவ்வப்போது கிடைக்கும். பொனிக்கி மரம், கையில் எடுத்தால் கனமே தெரியாது. புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் குழைத்து ஒட்டுவார்கள். அந்த ஒட்டு விட்டுப்போயிருந்தது. சரி, வேண்டாம் என்றேன்.

அப்புறம்தான் ஒரு பழைய வேட்டித் துணியைப் பிரித்தார். ஒரு சாண் உயரத்தில் ஜோடி மரப்பாச்சி. வண்ணாரப்பேட்டையில் இடித்த ஒரு வீட்டுப் பரணிலிருந்து வந்ததாம். கண்ணும் மூக்கும் கை பட்டுப் பட்டு மழுங்கிவிட்டன. கொண்டையின் பின்பக்கம், விரல் போகாத இடத்தில் மட்டும் உளித்தடம் அப்படியே இருந்தது. அதைத் தடவிப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

பெண் பொம்மையை நிறுத்தினால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திருப்பிப் பார்த்தேன், பாதம் சரிவாகத் தேய்ந்திருந்தது. குழந்தைக்கு வீக்கம், சூடு என்றால் கல்லில் தண்ணீர் விட்டு மரப்பாச்சியை உரசிப் பற்றுப் போடுவது வழக்கம். என் பாட்டியும் போட்டிருக்கிறார். எத்தனை குழந்தைகளுக்கு உரசினார்களோ!

"தம்பி, அடியை இழைச்சு, மேல ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சுக் குடுத்துர்றேன். புதுசு மாதிரி ஆயிடும்" என்றார் பெரியவர்.

"ஐயா, கை வெக்காதீங்க. இப்படியே வேணும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஜோடியைப் பிரிச்சுத் தரமாட்டேன்" என்றார். பிரிக்கும் எண்ணம் எனக்கும் இல்லை. கேட்ட விலையில் இருநூறு குறைத்தார், அதற்கு மேல் நான் பேரம் பேசவில்லை. பேசவும் மனம் வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டும் இருக்கின்றன. வார்னிஷ் இல்லை, மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைக்கிறேன், அவ்வளவுதான். பெண் பொம்மை தனியாக நிற்காது. ஆண் பொம்மையின் தோளில் சாய்த்து வைத்திருக்கிறேன்.