ஆடிக்காற்றில் ஒரு கேக்

பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்சீட்டைக் கழற்றிவிட்டு, பலகை அடித்து மெத்தை போட்டு, "இனி ஊர் சுற்றப் போனால் லாட்ஜ் கிடையாது, வேன்தான்" என்று வீட்டில் அறிவித்தேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "குளிக்கிறதுக்கு?" அதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை. சாப்பாட்டுக்கு இருந்தது. 5 கிலோ சிலிண்டர், ஒற்றை பர்னர் அடுப்பு, அம்மாவின் பரணிலிருந்து சொல்லாமல் எடுத்த 5 லிட்டர் அலுமினிய குக்கர்.

மனைவிக்கு ஆடி மாதப் பிறந்தநாள். அன்றைக்கு நாங்கள் செட்டிநாட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தோம். காரைக்குடி பேக்கரியில் ஒரு கேக் வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான்தான், "வேனிலேயே சுட்டுத் தருகிறேன்" என்று வாயை விட்டேன். வெளிநாட்டு வேன்காரர்கள் ஸ்வீடனில் செய்த ஒரு சட்டியை அடுப்பில் ஏற்றி ரொட்டி சுடுவதை வீடியோவில் பார்த்திருந்தேன். வட்டமான சட்டி, நடுவில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகச் சூடு மேலேறி மூடிக்குக் கீழே பரவுமாம். விலையைப் பார்த்ததும் குக்கரே போதும் என்று தோன்றிவிட்டது.

குக்கர் முறை நம் வீடுகளுக்குப் புதிதில்லை. காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். உள்ளே இரண்டு விரல் உயரத்துக்கு மணலோ கல் உப்போ பரப்பி, ஒரு ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் காயவிட்டு, அப்புறம் கேக் டின்னை இறக்க வேண்டும். உப்பு என்றதும், "ஒரு கிலோ உப்பைக் கருக்குவீர்களா? வீடு விளங்குமா?" என்று மனைவி தடுத்துவிட்டாள். வீடு எங்கே இருக்கிறது, வேன்தானே என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. ஆக, மணல்.

காலையில் ஆத்தங்குடிக்குப் போயிருந்தோம். அங்கே டைல் செய்வதை நின்று பார்த்தால் நகர மனம் வராது. கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு அறைக்கும் ஒரு சாயத்தைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் நிறம் நிறத்தோடு கலக்காமல் அப்படியே நிற்கிறது. மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, காயவைத்து, தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது, நெருப்பே காட்டுவதில்லை. அங்கேயே நினைவுக்காக நான்கு டைல் வாங்கினேன். கூடவே, "அண்ணே, ஒரு படி மணல் கிடைக்குமா?" என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, தொட்டி ஓரத்துக் குவியலிலிருந்து ஒரு பை அள்ளிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

சாயங்காலம் கானாடுகாத்தானில் ஓர் ஊருணிக் கரையில் வேனை நிறுத்தினோம். மூடிய வேனுக்குள் அடுப்பு எரித்தால் விஷவாயு சேர்ந்து ஆளையே முடித்துவிடும் என்பதால் அடுப்பைத் தரையில் இறக்கினேன். தயிர் ஒரு கப், சர்க்கரை ஒரு கப், எண்ணெய் அரை கப், மைதா ஒன்றரை கப், பேக்கிங் பவுடர், ஆப்ப சோடா. கலக்கி முடித்துத் தீக்குச்சி கிழித்தேன். காற்று அணைத்தது. மறுபடி கிழித்தேன். மறுபடி அணைத்தது. அம்மியை நகர்த்தும் ஆடிக்காற்றுக்கு ஒற்றை பர்னர் எம்மாத்திரம்? தயிரும் சோடாவும் சேர்ந்த நிமிடத்திலிருந்து மாவு நுரைக்கும். அந்தக் குமிழிகளை நம்பித்தான் கேக் உப்ப வேண்டும். நான் காற்றோடு மல்லுக்கட்டிய இருபது நிமிடத்தில் பாதிக் குமிழி ஊருணியோடு போய்விட்டது.

கடைசியில் மூளை வேலை செய்தது. சிலிண்டரை எட்ட வைத்துவிட்டு, நான்கு டைலையும் அடுப்பைச் சுற்றி நிறுத்தினேன். தீ நின்றது. பார்க்கவும் லட்சணமாக இருந்தது.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. பால் கேனோடு சைக்கிளில் போனவர் இறங்கி, "புட்டுங்களா?" என்றார். கேக் என்றேன். "வெயிட்டு போடலையே, எப்படி விசில் வரும்?" என்று கவலைப்பட்டார். டவுசர் போட்ட பையன் ஒருவன் எதுவும் கேட்காமல், கிடைக்கும்வரை போவதில்லை என்ற முகத்தோடு குத்தவைத்து உட்கார்ந்தான்.

அப்போதுதான் ஆச்சி வந்தார். அந்தப் பக்கத்து வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். ஆச்சி வந்தது பின்வாசல் வழியாக.

"என்ன தம்பி, அடுப்புக்கு வளவு கட்டியிருக்கீகளா?" என்றார். வளவு என்றால் அந்தப் பக்கத்து வீடுகளின் உள்முற்றம்.

நாற்பத்தைந்து நிமிடம் ஆனதும் மூடியைத் திறந்தேன். மூடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. டின்னுக்குள் வெள்ளைவெளேர் என்று ஒரு பெரிய இட்லி, நடுவில் மட்டும் ஒரு குட்டி ஊருணி. ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "மணல வறுத்தீகளா?"

வறுக்கவில்லை. தொட்டி ஓரத்து ஈரமணல். ஈரம் வற்றும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, கேக்குக்கு 180 வேண்டும். அதுவரை அது குக்கரில்லை, இட்லிக் கொப்பரை.

"மேலயும் தணல் போடணும். எங்க அப்பச்சி பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவுக. அவுக சொல்லிக்கொடுத்துத்தான் எங்க ஆத்தா கேக்குப் போடுவாக" என்று உள்ளே போனவர், கொட்டாங்குச்சித் தணலோடும் இடுக்கியோடும் எனாமல் பூசிய ஒரு மங்குத் தட்டோடும் திரும்பி வந்தார். குக்கர் மூடியை எடுத்துவிட்டுத் தட்டை வைத்து, அதன்மேல் தணலைப் பரப்பினார். வைப்பதற்கு முன் தட்டின் அடியைப் பார்த்தேன். நீல எழுத்தில் 'ஸ்வீடன்' என்று இருந்தது. காசு கொடுத்து வாங்க மனம் வராத ஸ்வீடன், தானாகவே வந்து சேர்ந்துவிட்டது.

கால் மணி நேரத்தில் வெனிலா வாசம் தெருவரைக்கும் போனது. பையன் ஓரடி முன்னால் நகர்ந்தான். நான் பெருமையோடு தட்டை இடுக்கியால் தூக்கினேன். அந்த நொடிக்காகத்தான் காற்று காத்திருந்தது போல. தட்டிலிருந்த சாம்பல் மொத்தமும் கேக் மேல். நெற்றி நிறைய விபூதியோடு கேக் எங்களைப் பார்த்தது.

மெழுகுவர்த்தியை ஊதும் வேலையையும் காற்றே பார்த்துக்கொண்டது. விபூதியைச் சுரண்டிவிட்டு, கேக்கை அதே தட்டில் கவிழ்த்து வெட்டினேன். நடுப்பாகம் சத்தியமாக நன்றாக இருந்தது. அடிப்பாகத்தில் கத்தி இறங்கவில்லை. நெருப்பே காட்டாமல் ஆத்தங்குடிக்காரர்கள் செய்வதை நான் ஒரு மணி நேரம் நெருப்பு காட்டிச் செய்திருந்தேன். பையன் மூன்று துண்டு தின்றான். ஆச்சி ஒரு துண்டை வெகுநேரம் மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு. காப்பியில நனைச்சுக்கிட்டா இன்னும் நல்லா இருக்கும்."

மறுநாள் காலை திருமயம் கோட்டைக்குப் போனோம். 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டை. உச்சிப் பீரங்கி வரை ஏறி இறங்கி, மூச்சு வாங்க வேன் கதவைத் திறந்தால், சீட்டுக்கு அடியில் ஆச்சியின் இடுக்கி. திருடன் பட்டம் வேண்டாமே என்று வண்டியைத் திருப்பினோம்.

ஆச்சி கோபப்படவில்லை. பட்டாலை என்னும் கூடத்தில் உட்காரவைத்து, வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வைத்தார். ஓரம் முறுகல், நடு மெத்து. அத்தனையும் ஒரே அடுப்பில், ஒரே வாணலியில். நான் ஏழாவதை எடுக்கும்போது கேட்டார்:

"இடுக்கி வந்திருச்சு. தட்டு எங்க தம்பி?"

தட்டு வேனில்தான் இருந்தது. மிச்சக் கேக் அதிலிருந்து வர மாட்டேன் என்கிறது.